அப்பாவைப் பற்றி ஒரு வாக்கியம்

வெளிநாட்டு வேலைக்காக ஆங்கிலத் தேர்வு எழுதும் நர்ஸுகளுக்குக் கோச்சடையில் என் வீட்டு மாடியில் பாடம் நடத்துகிறேன். புத்தக உதாரணங்களை ஏற்க மாட்டேன். சொந்த வீட்டைப் பற்றிய உண்மை வாக்கியம்தான் வேண்டும் என்பேன்.

கொட்டாம்பட்டிப் பக்கமிருந்து வந்த ஒரு பெண் மீது எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். 'வொர்க்டு' என்றால் வேலை செய்தார், அவ்வளவுதான். 'யூஸ்டு டு வொர்க்' என்றால் முன்பு வழக்கமாகச் செய்துவந்தார், இப்போது இல்லை. இதை விளக்கி, அப்பாவை வைத்து ஒரு வாக்கியம் கேட்டேன். அப்பா முன்பு லாரி ஓட்டிவந்தார் என்று ஆங்கிலத்தில் பிழையில்லாமல் சொன்னாள். அடுத்த வாரம் 'ஹேஸ் பீன்' நடத்தினேன். அன்று தொடங்கி இன்றும் தொடர்வதற்கு அது. அவள் பிறக்கும் முன்பிருந்தே அப்பா மளிகைக் கடை நடத்திவருகிறாராம்.

"போன வாரம் லாரி, இந்த வாரம் கடையா?" என்றேன்.

"லாரியிலயே கடை போட்டுட்டாரோ என்னமோ சார்" என்றான் பக்கத்திலிருந்தவன். எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. "இங்கிலீஷு சரியாத்தானே சார் இருந்துச்சு?"

"அதை விடு. அப்பா நெசமா என்ன வேலை பார்த்தாரு? ஊர்ல எந்தத் தெரு?"

"தெருவெல்லாம் பரீச்சையில கேப்பாங்களா சார்?"

அவள் பையை எடுத்துக்கொண்டாள். எங்கள் பக்கம் கிளம்புகிறவர்கள் வாரேன் என்றுதான் சொல்வார்கள். அவள் "போறேன் சார்" என்றாள்.

யாரோ எழுதிக்கொடுத்ததை ஒப்பிக்கிறாள் என்றுதான் சந்தேகப்பட்டதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அவள் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துகொள்ளும் அரிப்பு எனக்கு முதல் நாளே இருந்தது. அந்த ஊர்களில் அப்பா முன்பு யார் வயலில் வேலை செய்தார் என்று தெரிந்தால் மற்றதும் தெரிந்துவிடும். படித்தவனுக்குச் சாதியை நேராகக் கேட்கக் கூச்சம். இலக்கணத்தை வைத்துக் கேட்டேன். அவளுக்கு அது உடனே புரிந்திருக்கிறது. லாரியும் கடையும் அவள் எனக்குச் சாத்திய கதவுகள்.

அதற்குப் பிறகு அவள் வகுப்புக்கு வரவில்லை. அவளுக்கு அடுத்த மாதம் தேர்வு. பேச்சுப் பயிற்சியை நாங்கள் தொடங்கவே இல்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை. இப்போதெல்லாம் மற்றவர்களை ஆரப்பாளையம் பஸ்ஸைப் பற்றியோ மழையைப் பற்றியோ வாக்கியம் சொல்லச் சொல்கிறேன்.

இரண்டு வாக்கியங்களும் சரி என்று அவளுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். படித்துவிட்டாள் என்று மட்டும் போன் காட்டுகிறது.