கரையில் நின்ற பெரிய கமரா

கனடாவிலிருந்து வந்த தம்பி இரண்டு கமராக்களை மேசையில் வைத்து, "அக்கா, விருப்பமானதை எடுங்கோ" என்றான். ஒன்று பெரிய டிஎஸ்எல்ஆர். மற்றது தண்ணீர் புகாத, விழுந்தாலும் உடையாத சின்னக் கமரா. பார்க்க விளையாட்டுச் சாமான் போலிருந்ததால் அதைக் கணவரின் தங்கைக்குக் கொடுத்துவிட்டு, பெரியதை நான் எடுத்துக்கொண்டேன்.

வல்வெட்டித்துறையில் எங்கள் கோயில் கடல் தீர்த்தத்தன்று என் கணவர் முதன்முறையாகச் சுவாமியைத் தோளில் காவினார். அதை எப்படியும் படமெடுக்க வேண்டும் என்று வந்திருந்தேன். ஆனால் சுவாமியோடு சனமெல்லாம் கடலுக்குள் இறங்கிவிட, என் கமராவில் முதுகுகள்தான் விழுந்தன. கிட்டப் போக உப்புத்தண்ணீர்ப் பயம்.

"மச்சாள், வாங்கோவன்!" என்று கூப்பிட்டபடி கணவரின் தங்கை நெஞ்சளவு தண்ணீருக்குள் போனாள். ஒரு அலை அவளைப் புரட்டிவிட்டது. கையில் கமராவைக் காணோம்.

"ஐயோ, போச்சு!" என்று கத்தினேன்.

அவளோ காலால் மணலைத் துழாவி, மூழ்கி, அதை எடுத்துக்கொண்டு எழும்பினாள். அந்தக் குட்டிக் கமரா ஒன்றும் நடவாததுபோல் தொடர்ந்து படமெடுத்தது!

அவள் எடுத்த ஒரு படத்தில் என் கணவர் தலை நனைந்து, கண்மூடி, அரோகரா சொல்கிறார். இத்தனை வருடத்தில் நான் காணாத முகம் அது.

"நீங்கள் கமராவுக்குக் காவல் நிண்டிட்டியள், மச்சாள்" என்று அவள் சிரித்தாள்.

பொங்கலுக்குப் பட்டம் ஏறும்போது தூரத்து வானத்தைப் பிடிக்க என் கமராதான் திறம். தீர்த்தத்தன்று மட்டும் அதை அலுமாரியில் வைத்துவிட்டு, என் மச்சாளின் கையைப் பிடித்தபடி நானும் கடலுக்குள் இறங்குகிறேன். அந்த முகத்தை இப்போது நேரிலேயே பார்க்கிறேன்.