நெல்லியடியில் இறங்கி, கிணற்றடி வரை

மாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை நான் வடமராட்சிக்குப் புறப்பட்டதற்குக் காரணம் பிரான்சிலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பு. இந்த வலைப்பதிவில் கோயில், கடற்கரை, சாப்பாட்டுக் கடை எதையும் எதிர்பார்க்க முடியாது என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். முதியவர்கள், நடக்க இயலாதவர்கள், பேச இயலாதவர்கள் ஆகியோரை அவர்கள் வீட்டிலேயே யாராவது வருத்துகிறார்களா, கவனிக்காமல் விட்டிருக்கிறார்களா என்று போய்ப் பார்ப்பது என் வேலை. குடாநாட்டில் என் செருப்பு படாத சந்து, ஒழுங்கை குறைவு. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும், வெளிநாட்டிலிருந்து தங்கள் சொந்தத்தைப் பார்க்க வரப்போகிறவர்களுக்கும் இந்தப் பயணம் உதவும். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன், கேட்கவும் வேண்டாம்.

பிரான்சிலிருந்து பேசிய பெண் சொன்னது இதுதான். அவருடைய தங்கை பரமேஸ்வரிக்கு ஐம்பத்திரண்டு வயது. சின்ன வயதில் வந்த போலியோவால் கால்கள் மெலிந்து, ஊன்றுகோல்களுடன் நடப்பவர். கலியாணம் செய்யவில்லை. அண்ணனும் அண்ணன் மனைவியும் கூட இருந்து பார்க்கிறார்கள். ஒவ்வொரு ஞாயிறும் வீடியோவில் பேசுவார்கள். "ஒரே கதிரை, ஒரே சீலை, அதே சுவர் மிஸ். எழும்பிப் போய் நீ நட்ட மல்லிகையைக் காட்டடி எண்டு கேட்டால் உடனை சிக்னல் இல்லாமல் போகுது." சிக்னலை எனக்குத் தெரியும். அது இப்படி ஆள் பார்த்துப் போவதில்லை.

யாழ்ப்பாணம் பேருந்து நிலையத்தில் காலை எட்டேகாலுக்கு, நெல்லியடி ஊடாகப் பருத்தித்துறை போகும் பேருந்தில் ஏறினேன். ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர், நூற்றிருபது ரூபாய், ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. கோப்பாய், நீர்வேலி தாண்டும்வரை பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பைகள் உங்கள் முகத்தில்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வல்லை வெளி வந்தால் காற்று தாராளமாக அடிக்கும். தலையை வாரிக்கொண்டு இறங்க நினைப்பவர்கள் சீப்பைக் கையில் வைத்திருப்பது நல்லது.

நெல்லியடிச் சந்தையடியில் ஓட்டோ பிடித்தேன். நாலு கிலோமீட்டருக்கு ஐந்நூறு ரூபாய் கேட்டார், கொடுத்தேன். ஓட்டிய அண்ணைக்கு அறுபது வயதிருக்கும்.

"ஆரின்ரை வீட்டுக்குப் பிள்ளை?"

சந்தியின் பெயரை மட்டும் சொன்னேன். வாசலில் போய் இறங்கக் கூடாது. ஓட்டோச் சத்தம் கேட்ட வீட்டில் நாலு நிமிடத்தில் எல்லாம் ஒழுங்காகிவிடும். கடைசித் துண்டை நடந்துதான் போகவேண்டும்.

"வெயிலுக்கை நடக்கப் போறியளோ? உத்தியோகம் பாக்கிற ஆக்கள் நடந்து நான் காணேல்லை" என்றார். நான் நடந்தேன்.

இரு பக்கமும் செம்மண் தோட்டம், வெங்காயம் கிண்டிக்கொண்டிருந்தார்கள். வேலிப் படலையடியில் நின்று "வீட்டுக்காரர்" என்று கூப்பிட்டேன். நாய் முதலில் வந்தது, பிறகு அண்ணன் தவராசா. அடையாள அட்டையைக் காட்டினேன். முகம் கோணாமல் "வாங்கோ மிஸ்" என்று விறாந்தைக்குக் கூட்டிப்போய், "கொஞ்சம் இருங்கோ, அவள் சீலை மாத்துறாள்" என்றார்.

கொஞ்சம் என்றது நீண்ட நேரமாகவே ஆனது. அதற்குள் சோடா வந்தது. பிறகு கூப்பிட்டார்கள். உள்ளே பரமேஸ்வரி, வாரிய தலையும் பூசிய பவுடருமாக, பிரான்சிலிருந்து சொன்ன அதே கதிரையில். சீலையும் அதுவாகத்தான் இருக்கவேண்டும், மடிப்புக் கலையவில்லை.

"எப்பிடி இருக்கிறியள் அக்கா?"

"நல்லா இருக்கிறன்." கண் என்னைப் பார்க்கவில்லை, கதவடியில் நின்ற அண்ணன் மனைவியை, மச்சாளைப் பார்த்தது.

என் அம்மா குருநகரில் மீன் விற்றவர். "செவுளைத் திறந்து பாக்காமல் மீன் வாங்காதை" என்று படித்துப் படித்துச் சொல்வார். எங்கள் பக்கத்து வீடுகளுக்குச் செவுள் கிணற்றடி. முன்பக்கம் வந்தவர்களுக்கு, பின்பக்கம் இருப்பவர்களுக்கு. வந்த ஆள் முகம் கழுவக் கேட்டால் மறுக்கிற வழக்கம் யாழ்ப்பாணத்தில் இல்லை. பதின்மூன்று வருட உத்தியோகத்தில் நான் படித்த ஆகப் பெரிய சட்டம் இதுதான்.

"வேர்த்துப் போச்சு. கிணத்தடியிலை முகம் கழுவிப்போட்டு வாறன்" என்று எழும்பினேன்.

"முன்னுக்குப் பைப் இருக்கு மிஸ்" என்றார் மச்சாள், அவசரமாக.

"உங்கடை ஊர் நல்ல தண்ணியெல்லே. கிணறு இருக்க ஆர் பைப்பிலை கழுவுவினம்?"

ஊரின் தண்ணீரைப் புகழ்ந்தவளைத் தடுக்க அவர்களால் முடியவில்லை. குசினியைக் கடந்து பின்னால் போனேன். கிணற்றுக்குப் பக்கத்தில் வெங்காயக் கொட்டில். கதவுக்கு வெளியே கொண்டி, பூட்டு அதில் திறந்தபடி தொங்கியது. உள்ளே ஒரு பாய், ஒரு கோப்பை, ஒரு வாளி. வாளி எதற்கென்று வாசம் சொன்னது. நிமிர்ந்து பார்த்தேன். கூரை வளையில் வெங்காயப் பிடிகள் வரிசையாகக் கட்டித் தொங்கின. அவற்றுக்கு நடுவில், எனக்கே எட்டாத உயரத்தில், இரண்டு ஊன்றுகோல்கள்.

எனக்குக் கோபம் வந்தது. வேலையில் கோபப்படக் கூடாது என்று வகுப்பெடுப்பார்கள், நானே எடுத்திருக்கிறேன். முகத்தை இரண்டு தரம் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.

"தடியை ஏன் கட்டி வைச்சிருக்கிறியள்?"

தவராசா பொய் சொல்லவில்லை. "போன வருசம் கிணத்தடியிலை விழுந்து இடுப்பு நொந்து கிடந்தவள் மிஸ். திரும்ப விழுந்தால் ஆர் பாக்கிறது? தோட்டத்துக்குப் போகேக்கை பூட்டிப்போட்டுப் போறனாங்கள். அவளின்ரை நன்மைக்குத்தான்."

"பூட்டின கொட்டிலுக்கை நெருப்புப் பிடிச்சால்?"

ஒரு மனிதரை அடைத்து வைப்பது குற்றம், இதைப் பொலிசிலும் சொல்லவேண்டி வரும் என்றேன். மச்சாள் அழத் தொடங்கினார். காலையில் தோட்டம், பின்னேரம் மாடு, நடுவில் இதுவும் என்றார். அதுவும் பொய்யில்லை. ஆனால் கைகளைப் பார்த்தேன், பரமேஸ்வரியின் மணிக்கட்டு என் இரண்டு விரலுக்குள் அடங்கியது.

இப்படியான இடத்தில் எங்கள் கந்தோரின் வழக்கம், ஆளை ஒரு இல்லத்துக்கு மாற்றுவது. மானிப்பாய்ப் பக்கம் ஒரு இடம் இருந்தது. அண்ணனையும் மச்சாளையும் முற்றத்துக்கு அனுப்பிவிட்டுப் பரமேஸ்வரியிடம் அதைச் சொன்னேன். நல்ல இடம், சாப்பாடு, கூடப் பெண்கள் என்றெல்லாம் அடுக்கினேன். அவர் முதல்முறையாக என் கண்ணைப் பார்த்தார்.

"நான் ஏன் போறது? இது என்ரை வீடு."

விளங்காமல் நின்றேன்.

"அம்மா எனக்குச் சீதனமாய் எழுதினது. கலியாணம் நடக்கேல்லை. வீடு என்ரைதானே."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. பெண்ணுக்கு வீடு கொடுக்கிற ஊரில் பிறந்த நான், இது யார் வீடு என்று கேட்கவே இல்லை. கூப்பிட்டு விசாரித்தபோது தவராசா நிலத்தைப் பார்த்துக்கொண்டு "ஓம், அவளின்ரை வீடுதான்" என்றார். மச்சாளின் அழுகை நின்றுவிட்டது. "அப்ப நாங்கள் எங்கை போறது?" என்றார்.

பரமேஸ்வரி கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆர் உங்களைப் போகச் சொன்னது? தடியைத் தாங்கோ."

தவராசா ஏணி வைத்து ஏறி, வெங்காயப் பிடிகளை விலக்கி, கட்டை அவிழ்த்தார். தூசியைத் துடைத்துத் தங்கையின் கையில் கொடுத்தார். பரமேஸ்வரி எழும்பினார், விழப் பார்த்தார், பிடிக்கப் போன என்னை முறைத்தார், பிறகு தானாக நின்றார். இந்த உத்தியோகத்துக்கு என்னை அனுப்பின விதியை நான் அன்றைக்கு மனதாரக் கும்பிட்டேன்.

அடுத்த நாள் தாதி ஒருவருடன் திரும்பப் போனேன். பரமேஸ்வரி முன் அறைக்கு மாறினார். கிணற்றடியில் பிடித்து நடக்கக் கம்பி போட்டார்கள். பகலில் கூட இருக்க அயலில் ஒரு பெண் வருகிறார், அதைப் பிரான்ஸ் அக்கா பார்த்துக்கொள்கிறார். கொட்டில் கதவைக் கழற்றச் சொன்னேன், கழற்றினார்கள். பொலிசார் தவராசாவைக் கூப்பிட்டு எச்சரித்து விட்டார்கள். அதற்குமேல் வேண்டாம் என்று சொன்னவர் பரமேஸ்வரிதான்.

இனிப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. காலையில் போங்கள். பின்னேரப் பேருந்தில் நிற்கத்தான் இடம் கிடைக்கும். சொல்லாமல் போங்கள், வெளிநாட்டிலிருந்து வந்தாலும்தான். சோடாவைக் குடியுங்கள், ஆனால் விறாந்தையோடு திரும்பாதீர்கள். கிணற்றடியில் முகம் கழுவுங்கள். அடுத்தவர் தலைவிதியை எழுதுமுன், இது யார் வீடு என்று ஒருதரம் கேளுங்கள்.

இன்னொன்று, படலையடியில் நிற்க நேரம் ஒதுக்குங்கள். போன கிழமை, ஒன்றரை மாதத்துக்குப் பிறகு, சொல்லாமல்தான் போனேன். "வீட்டுக்காரர்" என்று கூப்பிட்டேன். விறாந்தையிலிருந்து தவராசா எழும்பினார்.

"நீ இரு அண்ணை. என்னையெல்லே கூப்பிடுகினம்" என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

முற்றம் நீளம். பரமேஸ்வரி மல்லிகைப் பந்தலடியில் ஒருதரம் நின்று மூச்சு வாங்கினார். நாயை அதட்டினார். படலைக்கு வந்து, திறக்காமல், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆர் நீங்கள்? என்ன அலுவல்? அட்டையைக் காட்டுங்கோ."

சிரிக்காமல் கேட்டார். நானும் சிரிக்காமல் காட்டினேன். பெயரை எழுத்துக்கூட்டி வாசித்து, படத்தையும் என்னையும் ஒத்துப் பார்த்தார். உச்சி வெயில், குடை கொண்டுபோகவில்லை. அவர் படலையைத் திறக்குமட்டும் ஆடாமல் அசையாமல் நின்றேன்.