சோமனூரக்காவின் தூக்கம்

எங்கள் இல்லத்தில் சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் பழைய ஸ்டாண்டு ஃபேன் ஒன்று இருக்கிறது. கூண்டு ஒரு பக்கம் கழன்று, மோட்டார் தேய்ந்து, சுவிட்சைப் போட்ட நொடியிலிருந்து கடகடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். போன வாரம் வயரிங் பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் போகிற போக்கில் அதையும் பிரித்து, எண்ணெய் விட்டு, திருகுகளை முறுக்கி, சத்தமே இல்லாமல் ஓடும்படி செய்துவிட்டார். நல்லது செய்த மனிதரிடம் நான் சண்டைக்குப் போனேன். யாரைக் கேட்டு அதில் கை வைத்தீர்கள் என்று நான் போட்ட சத்தம், ஃபேன் இத்தனை வருடம் போட்ட சத்தத்தைவிடப் பெரிது. பாவம், அவர் முகம் சுண்டிப்போய் டூல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அந்த ஃபேன் சோமனூரக்காவுடையது. கோவையில் வீடில்லாமல் தெருவில் படுப்பவர்களைத் தேடிப் போய்ப் பேசி, சம்மதிப்பவர்களை இல்லத்துக்கு அழைத்து வருவதுதான் பல வருடங்களாக என் வேலை. அக்காவை முதலில் பார்த்தது காந்திபுரத்தில், டவுன் பஸ்கள் எஞ்சினை அணைக்காமல் உறுமிக்கொண்டு நிற்கிற ஒரு முனையில். மத்தியான வெயிலில், ஹாரன் சத்தத்துக்கு நடுவே, அட்டையை விரித்து வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வலது பாதத்தில் துணி சுற்றியிருந்தது. நெருங்கினாலே நாற்றம் அடித்தது. சர்க்கரைப் புண்.

எழுப்பியதும் எரிந்து விழுவார் என்று நினைத்தேன். "ஏனுங்க அம்மணி, பஸ்ஸுக்கு வழியா இருக்குதுங்களா, தள்ளிப் படுக்கட்டுங்களா?" என்று கேட்டார். காது சரியாகக் கேட்காததால் நாலு கடைக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார். புருஷனும் அவரும் சோமனூரில் விசைத்தறி ஓட்டியவர்கள். தறிக்குடோனை ஒட்டிய அறையில்தான் முப்பது வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். புருஷன் இறந்தார். அடுத்த வருடமே முதலாளி தறிகளை இரும்புக்குப் போட்டுவிட்டார். தறியோடு அந்த அறையும் போயிற்று. தம்பி வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, தம்பி பெண்டாட்டிக்குப் பாரமாக இருக்கப் பிடிக்காமல் பஸ் ஏறி வந்துவிட்டார். இதையெல்லாம் யார்மேலும் குறை இல்லாமல்தான் சொன்னார்.

எங்கள் இல்லம் தொண்டாமுத்தூர் போகிற வழியில், தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் எனக்குப் பங்குண்டு. நகரத்துக்குள்ளேயே இரண்டு கட்டடங்கள் பார்த்தோம். இரைச்சல் வேண்டாம், தெருவில் கிடந்து நொந்தவர்களுக்கு முதலில் அமைதி வேண்டும் என்று கூட்டத்தில் பெரிய பேச்சுப் பேசி இந்த இடத்தை வாங்கிக் கொடுத்தவளே நான்தான். மட்டை உரசுகிற சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்காது. வருகிறவர்களெல்லாம் கோயிலுக்கு வந்த மாதிரி இருக்கிறது என்பார்கள். எனக்குப் பெருமை தாங்காது.

அழைத்ததும் மறுக்காமல் வந்த அக்கா நான்கு நாள் இருந்தார். ஐந்தாம் நாள் காலையில் கட்டில் காலி. காந்திபுரத்தில், அதே முனையில், அதே அட்டையில் தூங்கிக்கொண்டிருந்தார். திரும்ப அழைத்து வந்தேன். மூன்று நாளில் மறுபடியும் போனார். தினமும் கட்டு மாற்றாவிட்டால் பாதத்தையே எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டாம் தடவை அழைத்து வந்தபோது இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. அவற்றை எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகும் போனார். விரல் போன காலை இழுத்துக்கொண்டு, கட்டு அவிழ, டவுன் பஸ் ஏறிப் போனார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் பார்க்கத் திட்டினேன். சோறு இல்லையா, கட்டில் இல்லையா, உங்களுக்கு என்னதான் வேண்டும், கால் போன பிறகுதான் புத்தி வருமா என்றெல்லாம் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னது இவ்வளவுதான்: "அங்க தூக்கம் வரலீங்க அம்மணி. படுத்தாக் காதுக்குள்ள என்னமோ பண்ணுதுங்க."

இதையேதான் முதல் தடவையும் சொன்னார், இரண்டாம் தடவையும் சொன்னார். நான் ரெஜிஸ்டரில் 'மனநலப் பரிசோதனை தேவை' என்று எழுதி வைத்தேன். காது கேட்காதது யாருக்கு என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

உறவினர்களைத் தேடிப் போய்ப் பேசுவதும் எங்கள் வேலையில் சேர்ந்ததுதான். இந்தத் தடவை கூப்பிட்டும் அக்கா வராததால், தம்பி சொன்னாலாவது கேட்பார் என்று சோமனூருக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்துக் குடோனில் தறி ஓட்டிக்கொண்டிருந்த பெண் என்னைக் கைஜாடையில் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். பன்னிரண்டு தறிகள். நான் சாய்பாபா காலனியில் வளர்ந்தவள், அப்படி ஒரு சத்தத்துக்குள் அதற்குமுன் உட்கார்ந்ததில்லை. பல்லெல்லாம் அதிர்ந்தது. அப்போதுதான் இரண்டு தறிகளுக்கு நடுவே தொங்கிய தூளியைப் பார்த்தேன். உள்ளே ஏழெட்டு மாதக் குழந்தை, கை இரண்டையும் மேலே தூக்கிப் போட்டுக்கொண்டு அயர்ந்து தூங்கியது. இந்தச் சத்தத்தில் எப்படித் தூங்குகிறது என்று அந்தப் பெண்ணின் காதில் கத்திக் கேட்டேன். அவர் சிரித்தார்.

கொஞ்ச நேரத்தில் கரண்ட் போயிற்று. பன்னிரண்டு தறிகளும் ஒன்றாக நின்றன. அடுத்த நொடி குழந்தை வீலென்று அலறி எழுந்தது. அந்தப் பெண் தூளியை ஆட்டிக்கொண்டே, "சத்தம் நின்னா எந்திரிச்சுக்குவானுங்க. எங்களுக்கெல்லாமே அப்படித்தானுங்க" என்றார்.

தம்பிக்காக நான் காத்திருக்கவில்லை. அடுத்த பஸ்ஸில் கிளம்பி நேராகக் காந்திபுரம் போனேன். அக்கா பக்கத்தில் அட்டையிலேயே உட்கார்ந்து, சத்தம் இல்லாததால்தான் தூக்கம் வரவில்லையா என்று கேட்டேன். அவர் என்னை அதிசயமாகப் பார்த்தார். அதைத்தானே அப்போதிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்கிற பார்வை. பிறகு நிதானமாகச் சொன்னார். அறைச் சுவருக்கு அந்தப்பக்கம் தறி ஓடினால் வீட்டுக்காரர் வேலையில் இருக்கிறார், எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று அர்த்தம். ஒரு தடவை கரண்ட் இருக்கும்போதே தறி நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தால் அவர் கீழே விழுந்து கிடந்தார். அதோடு முடிந்தது. "ஓடற வரைக்கும் தூங்கலாமுங்க. நின்னாத்தான் பயம்."

சமையலறைக்குப் பக்கத்து அறையைக் காலி செய்து, ஸ்டோரில் கழித்துப் போட்டிருந்த அந்த ஃபேனைத் தூக்கி வந்து தலைமாட்டில் வைத்தோம். சுவிட்சைப் போட்டதும் கடகடவென்று அடித்தது. அக்கா கண்ணை மூடி இரண்டு நிமிடம் கேட்டார். "நம்ம பழைய தறியாட்டவே இருக்குதுங்க" என்று படுத்தவர், மறுநாள் காலை எட்டு மணிக்குத்தான் எழுந்தார். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட இல்லத்தை விட்டுப் போகவில்லை. பாதம் தப்பியது. விரல் இரண்டு போனது போனதுதான். அதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். அக்கா ஒருபோதும் கேட்கவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை.

கரண்ட் போனால் இல்லத்தில் முதலில் தெரிவது அக்காவுக்குத்தான். நல்ல தூக்கத்தில் இருந்தாலும் எழுந்து உட்கார்ந்து, "கரண்டு போயிருச்சுங்கோ!" என்று தோப்புக்கே கேட்கிற மாதிரி சொல்வார். வந்ததும் மறுபடி சாய்ந்துகொள்வார். நாங்கள் கேலி செய்வோம். மின்வாரியத்தில் வேலை வாங்கித் தருகிறேன் என்பேன். வாங்கிக் குடுங்க அம்மணி, படுத்துட்டே பாக்கற வேலைன்னா வாரேன் என்பார்.

ஐந்து வருடம் அப்படிப் போனது. ஓர் ஆடி மாதம், காற்று பேயாக அடித்த மத்தியானம், கம்பியில் தென்னை மட்டை விழுந்து கரண்ட் போயிற்று. நான் ஆபீஸ் அறையில் எதையோ எழுதிக்கொண்டிருந்தேன். ஃபேன் சத்தம் நின்றது. எழுதிக்கொண்டே காத்திருந்தேன். குரல் வரவில்லை. கையில் பேனாவுடன் எழுந்து ஓடினேன். அக்கா பக்கவாட்டில் திரும்பிப் படுத்திருந்தார். உடம்பில் சூடு இன்னும் போகவில்லை. ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே போயிருக்கிறார், பயமில்லாமல். அதை மட்டும் நினைத்து ஆறுதல் சொல்லிக்கொண்டேன். ஆனால் அழுகை நிற்க ரொம்ப நாளாயிற்று.

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்வேன். வருகிறவர்களுக்கு என்ன வேண்டும் என்று நாமே முடிவு செய்யக் கூடாது, கேட்க வேண்டும், கேட்டால் காதில் வாங்க வேண்டும் என்று முடிப்பேன். முடித்துவிட்டு ஃபேனைப் போட்டுக் காட்டுவேன். அது அடிக்கும்போது எனக்கு அக்கா இருக்கிற மாதிரி இருக்கும். அதை ரிப்பேர் செய்யவோ மாற்றவோ யாரையும் விட்டதில்லை.

அந்த அறையில் இப்போது இருப்பவர் கருமத்தம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாட்டியம்மா. வயல்காட்டில் கூலி வேலை செய்தவர், அதிகம் பேசமாட்டார். வந்து மூன்று மாதம் ஆகிறது. எலக்ட்ரீஷியனை நான் விரட்டியடித்த மறுநாள் காலை, காப்பி டம்ளரோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அவர் முகம் என்றும் இல்லாமல் தெளிந்திருந்தது. நானாகக் கேட்காமலே சொன்னார்: "நேத்துத்தானுங்க கண்ணு நல்லாத் தூங்குனேன்."

எனக்குச் சுருக்கென்றது. மூன்று மாதமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அது உங்களுக்கு வேண்டப்பட்டவங்களுடைய ஃபேன் என்று எல்லாரும் சொன்னார்கள், அதை எப்படி நிறுத்தச் சொல்வது என்றார்.

உங்களுக்கு என்ன வேண்டும் என்கிற அந்தக் கேள்வியை நான் அவரிடம் கேட்கவே இல்லை. அறை காலியாக இருந்தது, ஃபேன் இருந்தது, படுக்கச் சொல்லிவிட்டேன். எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். ஃபேன் அந்த அறையில்தான் இருக்கிறது. சத்தமில்லாமல் சுற்றுகிறது. பாட்டியம்மா தூங்குகிறார்.