உப்புப் பார்க்காத கோழிக்கறி

என் விசுவாசக் குடும்பமே, நான் ஆண்டவரோடு சண்டை பிடித்த கதையைக் கேளுங்கோ.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. முல்லைத்தீவுக் கடற்கரையை விட்டு இடம்பெயர்ந்து செட்டிகுளத்தில் இருந்தோம். பக்கத்துச் சிறிய இராணுவ முகாமுக்கு மதியக் கறி சமைத்துக் கொடுப்பதே எங்கள் பிழைப்பு. தபசுகாலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் கோழிக்கறி கேட்டார்கள். சமைத்தேன். நாங்கள் இறைச்சி தொடாத நாள் என்பதால் உப்புக்கூடப் பார்க்கவில்லை. என் கணவர் சூசை கொண்டுபோய்க் கொடுத்தார்.

பின்னேரம் முகாமே வாந்தியும் வயிற்றோட்டமுமாய்க் கிடந்தது. அதிகாரி ஜீப்பில் வந்தார். வீட்டில் யார் இந்தக் கறியைச் சாப்பிட்டது என்று மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேட்டார். ஒருவரும் இல்லை என்றேன். அவ்வளவுதான். நஞ்சு என்று முடிவுகட்டி, சூசையை ஏற்றிக்கொண்டு போனார்கள். தபசு, ஒருசந்தி, இறைச்சி தொடமாட்டோம் என்று தொண்டை கிழியச் சொன்னேன். யார் கேட்டது?

பக்கத்து வீட்டுத் திரேசம்மாக்கா ஆறுதல் சொல்ல வந்தார்.

"ஒரு துண்டாவது வாயில போட்டிருக்கலாமேடி! பிறகு சுவாமியிட்டப் பாவசங்கீர்த்தனத்தில சொல்லியிருக்கலாம்."

ஆறுதலாம்! அவரை அனுப்பிவிட்டுச் செபமாலையை எடுத்தேன். செபம் வரவில்லை, சண்டைதான் வந்தது. "ஆண்டவரே, உமக்காகத்தானே வாயைக் கட்டினனான்? அதுவே என்ர மனுசன்ர கழுத்துக்குக் கயிறோ? இனி நீரே சாட்சி சொல்லும். என்னால ஏலாது."

விடிந்ததும் முகாம் வாசலில் போய் நின்றேன். போ என்றார்கள்; போகவில்லை. அதிகாரி வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் கோப்ரல் ஒருவர், மதிலைப் பிடித்தபடி. வாந்தி எடுத்து வெளிறிய முகம். சிலாபத்து ஆள், தமிழ் தெரியும். என் கையிலிருந்த செபமாலையைப் பார்த்தார்.

"அக்கா, நேற்று நீங்களும் இறைச்சி சாப்பிடயில்லையா?"

"தபசு வெள்ளியில எப்பிடித் தம்பி சாப்பிடுறது?"

"நானும் வேதக்காரன்தான், தொடயில்லை. பாணும் தேசிக்காய்த் தண்ணியும்தான்."

சொன்ன கையோடு அதிகாரியிடம் திரும்பிச் சிங்களத்தில் படபடவென்று பேசினார். கறியைத் தொடாத தனக்கும் இந்த வருத்தம் என்றால் கறியில் நஞ்சு எப்படி வரும் என்று கேட்டாராம். எல்லாரும் குடித்தது ஒரே தண்ணீர்தான் என்று முகாமின் தண்ணீர்த் தாங்கியைத் திறந்தார்கள். உள்ளே எலிகள் செத்து ஊறிக் கிடந்தன.

மதியத்துக்குள் சூசை வெளியே வந்தார். "பசிக்குதப்பா" என்பதுதான் முதல் வார்த்தை. அதிகாரி மன்னிப்புக் கேட்கவில்லை. கறியில் உப்புக் கூடிப்போச்சு என்று மட்டும் சொல்லியனுப்பினார்.

எந்த ஒருசந்தி எங்களை மாட்டிவைத்ததோ, அதே ஒருசந்தியை இன்னொருவர் வயிற்றில் வைத்து ஆண்டவர் சாட்சி சொன்னார். முகாமில் படுத்துக் கிடந்த ஆமிப் பிள்ளைகளும் ஒருவர் விடாமல் எழும்பினார்கள். அன்றிலிருந்து அவர்களுக்காகவும் செபமாலை சொல்கிறேன்.

உங்களுக்கும் அழகான செபம் வராவிட்டால் பரவாயில்லை. சண்டையாவது பிடியுங்கோ. அவர் கேட்பார்.

அதிகாரி சொன்னதும் பொய்யில்லை. மிஞ்சிய கறியைச் சனிக்கிழமை தொட்டுப் பார்த்தேன். உப்புக் கூடத்தான்.