பேராச்சியின் முதுகெலும்பில் குடியேறிய புழு

தாராவியில் ஆட்டுக்குடலும் ஈரலும் கழுவி விற்றவள் பேராச்சி. வள்ளியூர்ப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்தவள். புருஷன் போன பிறகு மகள் பானுமதியை வளர்த்து ஆளாக்கியது அந்தத் தொழில்தான். ஈரலில் நீர்க்கட்டி தென்பட்டால் அந்தத் துண்டை அறுத்துச் சந்து நாய்களுக்கு எறிந்துவிடுவாள். கட்டியோடு விற்றாள் என்ற பேச்சு அவளுக்கு ஒருநாளும் வந்ததில்லை.

ஒரு மழைக்காலத்தில், குடல் கழுவக் குந்தியவளால் எழுந்திருக்க முடியவில்லை. முதுகுவலி கொன்றது. பார்த்த டாக்டர் முதுகெலும்பில் டிபி என்றார். மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கியும் சிறுநீர் சிவந்ததுதான் மிச்சம். கால்கள் இரண்டும் மரத்துப்போயின.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். ஸ்கேனைப் பார்த்த லேடி டாக்டர், இது டிபியே இல்லை என்றார். கட்டியுள்ள ஈரலைத் தின்ற நாயின் குடலில் புழு வளரும். அதன் முட்டை கழிவோடு வெளியேறி, கையிலோ தண்ணீரிலோ ஒட்டி மனிதருக்குள் போய்விடும். பேராச்சிக்குள் போன முட்டை முதுகெலும்பில் கட்டிகளாய்ப் பெருகியிருந்தது.

"அறுத்து எடுத்துட்டா நடப்பாங்களா?" என்று பானுமதி இந்தியில் கேட்டாள்.

டாக்டர் திரையில் கட்டியைச் சுற்றிப் படர்ந்திருந்த நூல்களைக் காட்டினார். எல்லாம் புதிதாய் முளைத்த ரத்தக்குழாய்கள். புழுவோடு போராடி வீங்கிய இடத்தில் உயிரணுக்கள் ஒரு புரதத்தைச் சுரக்கின்றன. ரத்தம் வேண்டும் என்று அது அனுப்பும் சேதியைக் கேட்டுப் பக்கத்துக் குழாய்கள் கிளைவிடுகின்றன. கத்தி பட்டால் அத்தனையும் கொட்டும்.

"அந்தச் சேதியை நிறுத்த மருந்து இல்லையா?"

"புற்றுநோய்க்கு உண்டு. இதற்கு இன்னும் எலிகளில்தான் சோதிக்கிறார்கள்."

பேராச்சி மகளின் கையை இழுத்தாள். "என்னட்டி சொல்லுதாவ?"

"சின்ன ஆபரேஷன்தாம்மா. சரியாயிருமாம்."

"இத்தன வருசம் இந்தியிலதான யாவாரம் பண்ணுதேன். ரத்தம் நிக்காட்டா செத்துருவேன்னாவ. எனக்குக் கேட்டுச்சு." திரைப் பக்கம் கையை நீட்டினாள். "எனக்குள்ள இருந்துக்கிட்டே என் ரத்தத்தக் கூப்புட்டு வச்சிருக்கு பாரு, அந்தப் புழு."

பானுமதி வேலை பார்க்கும் தையல் பட்டறைப் பெண்கள் ரத்தம் கொடுத்தார்கள். ஆபரேஷனில் அவ்வளவும் தீர்ந்தது. கட்டியில் பாதியைச் சுரண்டுமுன்பே ரத்தம் பெருகி, பஞ்சை வைத்து அடைத்துத் தைத்துவிட்டார்கள். பிழைத்தாள்; கால்கள் வரவில்லை. புழு மாத்திரையை விடாமல் தின்றும் அடுத்த ஸ்கேனில் மிச்சக் கட்டி மறுபடி பெருத்திருந்தது. இன்னும் மேலே ஏறினால் கைகளும் போய்விடும், மறுபடி வெட்டித்தான் பார்க்கவேண்டும் என்றார் டாக்டர்.

"போன தடவ பொழச்சதே பெருசும்மா. வேண்டாம்."

"கையும் போயிட்டா ஒரு வாய் தண்ணிக்கும் ஒன்னயத்தான கூப்புடணும். வெட்டச் சொல்லு."

வெட்டினார்கள். கைகள் தப்பின. இடுப்புக்குக் கீழே அவளுக்கு ஒன்றும் தெரிவதில்லை. படுக்கைப் புண் மட்டும் ஆறாமல் நாறுகிறது. பட்டறைக்குக் கிளம்புமுன் பானுமதி அவளைப் புரட்டித் துடைத்துவிடுகிறாள்.

"ஏட்டி, அந்தப் புழு இன்னும் உள்ள இருக்கா?"

"தெரியலம்மா," என்கிறாள் பானுமதி, துணியை நனைத்துப் பிழிந்தபடி.