தாமதமாக வந்த குரல்

குடிநீர் வாரிய அலுவலகத்தில் அவருக்கு 'ரீஸ்டார்ட் சார்' என்று பெயர். மூன்று மாடிகளில் நாற்பத்திரண்டு கம்ப்யூட்டர்கள் அவர் பொறுப்பில் இருந்தன. யார் கூப்பிட்டாலும் அவர் முதலில் கேட்பது, "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?" என்றுதான். பத்தில் ஏழு கோளாறு அதிலேயே சரியாகிவிடும். மீதி மூன்றுக்குத்தான் படியேறுவார். கேலியை அவர் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. பாட்டு விஷயத்தில் மட்டும் சுத்த சூனியம். பாடுகிறவளைக் கட்டிக்கொண்டு பத்தொன்பது வருஷமாகியும், சுருதி எது தாளம் எது என்று கேட்டால் முழிப்பார்.

மனைவி இரண்டாம் வகுப்பு டீச்சர். வாய்ப்பாடு, மாதங்களின் பெயர், ரோட்டைக் கடப்பது, பல் துலக்குவது என்று எல்லாவற்றுக்கும் அவளே பாட்டுக் கட்டி வைத்திருந்தாள். மொத்தம் பன்னிரண்டு. ஏழாம் வாய்ப்பாட்டை அவள் வகுப்புப் பிள்ளைகளால் பாடத்தான் முடியும். சும்மா சொல்லச் சொன்னால் மூன்றாவது வரியில் நின்றுவிடுவார்கள்.

அந்த வருஷம் சாயங்காலமானால் அவள் தொண்டை கரகரக்க ஆரம்பித்தது. குரல்நாணில் சின்னதாக ஒரு கட்டி, பயப்பட ஒன்றுமில்லை, இரண்டு வாரத்தில் எடுத்துவிடலாம் என்றார் டாக்டர்.

"குரல் பழையபடி வருமா டாக்டர்?"

"பெரும்பாலும் வந்துடும்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் 'பெரும்பாலும்' அவளுக்கு முள்ளாய்க் குத்தியது. வாசலில் செருப்பைக் கழற்றியபடியே சொன்னாள்: "பாட்டையெல்லாம் பதிஞ்சு வெச்சிடலாங்க. நான் இல்லாதப்ப புது டீச்சர் போட்டுக் காட்டுவாங்க." தினமும் காலையில் அரைமணி நேரம் பாடலாம் என்று டாக்டர் அனுமதித்திருந்தார்.

கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கும் அவள் தம்பி, மைக்கும் அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சின்னப் பெட்டியும் கொடுத்தனுப்பினான். பின்னறையில் எதிரொலி வராமலிருக்க ஜன்னலுக்குப் போர்வை கட்டி, துணி அலமாரியைத் திறந்து வைத்து, அதற்கு எதிரே நின்று பாடினாள். போட்டுக் கேட்டால், காய்ந்த எண்ணெயில் தண்ணீர் பட்டது போல நடுநடுவே சடசடவென்று சத்தம்.

மச்சானுக்குப் போன் போட்டார். "பஃபரை ஏத்தி விடுங்க மாமா, சரியாயிடும்" என்றான் அவன்.

பஃபர் என்பது, வருகிற ஒலியைக் கம்ப்யூட்டர் பிடித்து வைக்கும் பாத்திரம் மாதிரி. சின்னதாக இருந்தால் அவசரத்தில் சிந்தும்; அந்தச் சிந்தல்தான் சடசடப்பு. இருப்பதிலேயே பெரிய அளவை வைத்தார். சத்தம் போயே போய்விட்டது. அன்று முழுக்க அவருக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாளிலிருந்து அவளால் பாட முடியவில்லை. பாடும்போதே தன் குரல் காதில் கேட்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டு வரி பாடுவாள், தடுமாறுவாள், "இன்னொரு தடவை" என்பாள். மூன்றாம் நாள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டாள்.

"விட்டுடுங்க. தொண்டை போயிடுச்சு. தாளத்துலயே நிக்க முடியல என்னால."

அழவில்லை. ஜன்னல் போர்வையை அவிழ்த்து நான்காக மடித்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அழுதிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

கொஞ்ச நேரத்தில் பீன்ஸ் நறுக்கும் சத்தம் கேட்டது. தன்னை அறியாமலே அவள் ஏழாம் வாய்ப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கத்தியும் பாட்டும் சேர்ந்தே விழுந்தன. தாளம் தெரியாத அவர் காதுக்கே தெரிந்தது. அங்கே சரியாக வருவது இங்கே மட்டும் ஏன் இடறுகிறது?

ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கை விரலால் தட்டினார். விரல் பட்டு, ஒரு கணம் கழித்துத்தான் 'டொக்' என்றது. மறுபடி தட்டினார். அதே தாமதம். பாத்திரம் பெரிதானதால், அது நிறைந்து ஒலி வெளியே வர நேரம் பிடித்தது. அவள் பாடப் பாட, அவள் குரலே ஓர் எட்டு பின்தங்கி வந்து அவளை இழுத்திருக்கிறது.

சமையலறை வாசலில் போய் நின்றார். "உன் தொண்டை நல்லாத்தான் இருக்கு. தப்பு என்னோடது."

"சமாதானம் சொல்றீங்களா?"

"இல்லம்மா. வந்து நீயே தட்டிப் பாரு."

வந்து தட்டிப் பார்த்தாள். மூன்று முறை தட்டினாள். பிறகு ஈரக்கையாலேயே அவர் தோளில் ஓர் அடி வைத்தாள். "மூணு நாளா நான் செத்துப் பொழைச்சேன், தெரியுமா?" என்றாள். குரல் உடைந்தது அப்போதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கவில்லை. பஃபரைக் குறைத்ததும் சடசடப்பு திரும்பி வந்தது. இந்தமுறை அதை மூடி மறைக்காமல், பதிவின் நடுவே கம்ப்யூட்டரை வேறு வேலைக்குக் கூப்பிடுவது யார் என்று தேடினார். மின்சாரம் மிச்சம் பிடிக்க அது அடிக்கடி வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது; முழு வேகத்தில் ஓடவிட்டார். மைக் பெட்டி செருகியிருந்த யுஎஸ்பி வாய் தூங்கிப்போகாமல் பார்த்துக்கொண்டார். தானாக வரும் அப்டேட்டை நிறுத்தி வைத்தார். பதிவாகும் ஒவ்வொரு கோப்பையும் ஆன்டிவைரஸ் மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த ஃபோல்டர் பக்கம் போகாதே என்று சொல்லி வைத்தார். ஒவ்வொன்றாக மாற்றினார், ஒவ்வொரு முறையும் பத்து நிமிஷம் கேட்டார், பிறகு பழையபடி வைக்க வேண்டுமே என்று நோட்டில் குறித்துக்கொண்டார். கடைசியில் ஒரே ஒரு 'சட்' மட்டும் விட்டுவிட்டு வந்தது. வைஃபையை அணைத்தார். அதுவும் நின்றது.

திங்கள் காலை அவள் சந்தேகத்தோடுதான் ஹெட்போனை மாட்டினாள். முதல் வரி பாடினாள். குரல் அவளோடேயே வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை நிற்காமல் பாடி முடித்தாள். அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் பன்னிரண்டாவது பாட்டும் பதிவானது. பல் துலக்கும் பாட்டின் நடுவே பக்கத்து வீட்டில் யாரோ ஒரு பாத்திரத்தைக் கீழே போட்டிருந்தார்கள். "இருக்கட்டும், பிள்ளைங்க சிரிக்கும்" என்று விட்டுவிட்டாள்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பதினைந்து நாள் பேசக் கூடாது. வேண்டியதை நோட்டில் எழுதிக் காட்டினாள். வீடு ரொம்ப அமைதியாகிவிட்டது. அவர் அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ரோட்டைக் கடக்கும் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். என்ன கேட்கிறீர்கள் என்று விசாரித்தவர்களிடம், "ஒரு சின்ன டெஸ்டிங்" என்றார்.

குரல் திரும்பி வந்தது. ஆனால் முன்னைவிடக் கொஞ்சம் கனமாக, கீழே இறங்கி வந்தது. பள்ளிக்குப் போன முதல் நாள் அவள் பாடி முடித்ததும் முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து நின்றாளாம்.

"டீச்சர், கம்ப்யூட்டர்ல பாடுற டீச்சர் உங்களவிட நல்லாப் பாடுறாங்க."

சாயங்காலம் அதை அவரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கரகரத்த, புதுச் சிரிப்பு.

"நீ என்ன சொன்னே?"

"அவங்க லீவுல போயிருக்காங்க, அதுவரைக்கும் என்னை வெச்சு சமாளிச்சுக்கோங்கன்னு சொன்னேன்."