ஐஸ் கட்டிய கூரை ஏசி

1. அடுப்பு வண்டி

"இன்னாப்பா, வண்டி கேட்டா அடுப்பு கட்டி வெச்சிக்கிறீங்க?"

வண்டிக்காரர் இப்படிக் கேட்டபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. 1991, மார்ச் மாதக் கடைசி. சேரப்பணஞ்சேரி தாண்டி இருந்த எங்கள் ஷெட்டில் பஸ்களுக்கும் வேன்களுக்கும் பாடி கட்டுவோம். இவர் கேட்டது வேறு ரகம். குடும்பத்தோடு ஊர் சுற்றுவதற்காக உள்ளே நான்கு படுக்கை, சின்னதாக ஒரு சமையல் மேடை, கூரைமேல் வெளிநாட்டு ஏசி. அப்படியொரு வண்டியை எங்களில் யாரும் அதற்கு முன் கண்ணால் பார்த்ததில்லை. படத்தைப் பார்த்தே கட்டினோம். பாடி அம்சமாக வந்தது. ஏசிதான் மானத்தை வாங்கியது.

ஏசியை மாட்டியவன் நான். பெயர் குமார், ஊர் குன்றத்தூர். பிரபேஷன் முடிய ஐந்து நாள் இருந்தது. வண்டிக்காரர் கிளம்பியதும் மேனேஜர் வரதராஜன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"சனிக்கிழமை டெலிவரி. அதுக்குள்ள கூலிங் வந்துச்சுன்னா உன் பர்மனென்ட் ஆர்டர்ல கையெழுத்து போடறேன். வரலன்னா திங்கட்கிழமை நீ வரவேணாம்."

கத்தாமல் சொன்னார். கத்தியிருந்தால் எனக்குப் பயம் குறைவாக இருந்திருக்கும். வீட்டில் தங்கைக்கு நிச்சயம் முடிந்திருந்தது. "பையன் கம்பெனில பர்மனென்ட்" என்று என் அப்பா சம்பந்தி வீட்டில் முன்கூட்டியே அளந்துவிட்டு வந்திருந்தார்.

2. கழற்றியதும் மாட்டியதும்

கோளாறு இதுதான். ஆன் செய்தவுடன் ஏசி ஜோராக ஓடும். கொஞ்ச நேரம் ஜில்லென்று காற்று வரும். பிறகு கம்ப்ரசர் தானாக நிற்கும், ஓடும், மறுபடி நிற்கும். ஒரு மணி நேரத்தில், காற்றைக் குளிர வைக்கும் காயில் குழாய் முழுக்க ஐஸ் கட்டிக்கொண்டு காற்றே வராது. ஆனால் வண்டிக்குள் புழுக்கம் ஒரு இம்மியும் குறையாது.

ஜெனரேட்டரில் வோல்டேஜ் பார்த்தேன், சரியாக இருந்தது. கெப்பாசிட்டரை மாற்றினேன். ஃபில்டரைக் கழுவினேன். தெர்மோஸ்டாட்தான் திருடன் என்று முடிவுகட்டி அதையும் மாற்றினேன். கூரைமேல் ஏறி உட்கார்ந்து கேஸ் பிரஷர் பார்த்ததில் பின்பக்கம் வெந்ததுதான் மிச்சம். ஏசியோடு வந்த புத்தகத்தில் வயரிங் படத்தை மட்டும் பார்த்திருந்தேன். மற்ற பக்கங்களை நான் புரட்டவே இல்லை. ஐ.டி.ஐ.யில் முதல் மார்க் வாங்கியவனுக்குப் புத்தகம் எதற்கு என்ற திமிர்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஸ்டெல்லா அக்கா திரைச்சீலை மாட்ட வண்டிக்குள் வந்தார். சீட் தைக்கும் பிரிவில் எட்டு வருடம் வேலை பார்த்தவர். கண்ணால் பார்த்தே ரெக்சின் வெட்டுவார், அரை இஞ்ச் பிசகாது. அன்று ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நான் தலையில் கை வைத்துக் கீழே உட்கார்ந்திருந்தேன்.

அக்கா கூரை கிரில்லில் ஒரு பக்கம் கை வைத்தார். மறு பக்கமும் வைத்துப் பார்த்தார்.

"குமாரு, இந்தப் பக்கம் காத்து மேல போவுதா, கீழ வருதா?"

"அது உறிஞ்சற பக்கம்க்கா. வண்டில இருக்கற சூடான காத்து அது வழியாதான் மேல போவும்."

"சூடான காத்து போற எடம் இன்னாத்துக்கு ஜில்லுனு கீது?"

எழுந்து கையை வைத்தேன். கிரில் ஐஸ்கட்டியாக இருந்தது. நான்கு நாளில் அந்த இடத்தில் கை வைக்க எனக்குத் தோன்றவே இல்லை. ஏசி விடும் குளிர்காற்று வண்டிக்குள் இறங்காமல், கூரைப் பெட்டிக்குள்ளேயே திரும்பி உறிஞ்சும் பக்கம் போய்க்கொண்டிருந்தது. வண்டி குளிர்ந்துவிட்டதாக நினைத்து தெர்மோஸ்டாட் கம்ப்ரசரை நிறுத்தியது.

கிரில்லைக் கழற்றினேன். இரண்டு பக்கத்துக்கும் நடுவே வெறும் ஓட்டை. அக்கா எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"நடுவுல ஸ்பான்ஞ்சு மாதிரி தடுப்பு எதனா வரணுமா? ஒரு பக்கம் வெள்ளி பேப்பர் ஒட்டினு?"

"ஒனக்கு எப்பிடிக்கா தெரியும்?"

"பெட்டி பிரிச்சப்ப நீ பேக்கிங்னு கடாசினியே, அதான். நான் எடுத்துக்கினேன்."

எங்கள் ஷெட்டில் அது ஒரு வழக்கம். எந்தப் பார்சல் பிரித்தாலும் பேக்கிங் ஸ்பான்ஞ் தையல் பிரிவுக்குப் போய்விடும். நாள் முழுக்க ஸ்டூலில் உட்காருகிறவர்கள் அதை உறை தைத்துப் போட்டுக்கொள்வார்கள். ஆனால் விதி வேறு. பெட்டியில் வந்த எதுவும் ஸ்டோருக்குத்தான் போகவேண்டும். சீட்டு இல்லாமல் எடுத்தால் மெமோ.

அக்கா ஓடிப்போய்த் தன் ஸ்டூல் மெத்தையைப் பிரித்துக் கொண்டுவந்தார். துண்டு இரண்டாக வெட்டப்பட்டு, உட்கார்ந்து உட்கார்ந்து அப்பளமாகியிருந்தது. "இது ஒதவாது" என்று சொல்லிவிட்டு, புத்தகத்தில் அந்தத் தடுப்பின் படத்தை என்னைத் தேடி எடுக்கச் சொன்னார். அளவைக் கேட்டுக்கொண்டு புது ஸ்பான்ஞ்சில் வெட்டி, வெள்ளி டேப் சுற்றி, ஓரத்துக்கு ஓரம் ஈ நுழையாத அளவுக்கு ஒட்டிக் கொடுத்தார். ஒரிஜினல்கூட அத்தனை கச்சிதமாக இருந்திருக்காது. என்ன கை அது! இன்றைக்கும் நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

ஏசியை ஒரு மணி நேரம் ஓட்டினோம். தெர்மாமீட்டர் முப்பத்தாறிலிருந்து இருபத்துநாலுக்கு இறங்கியது. ஐஸ் கட்டவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

3. மேனேஜர் கேட்ட கேள்வி

மேனேஜர் வண்டிக்குள் ஏறி, காற்றில் முகத்தைக் காட்டி நின்றார். "என்னடா பண்ணின?" என்றார். நடுத்தடுப்பு இல்லாமல் மாட்டியிருந்தது, இப்போது செய்து போட்டோம் என்றேன்.

"பெட்டில வந்திருக்குமே. எங்க போச்சு? அந்த எத்திராஜ் ஸ்டோர்ல எதையும் ஒழுங்கா வெக்கறதில்ல. கூப்பிடு அவன, இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்."

ஸ்டோரைப் பார்த்துக்கொண்ட எத்திராஜுக்கு ஏற்கெனவே இரண்டு மெமோ ஆகியிருந்தது. மூன்றாவது என்றால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். இது ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். நான் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"சார், அவரு இல்ல. நான்தான் எடுத்தேன்" என்றார் ஸ்டெல்லா அக்கா. "ஸ்டூல்ல போட்டுக்கினேன். பேக்கிங்னு நெனச்சேன். தப்புதான் சார்."

மேனேஜர் அவரையே பார்த்தார். "சீட்டு இல்லாம எடுத்திருக்க. மெமோ குடுத்துதான் ஆகணும்."

"குடுங்க சார்."

அதைத் தூக்கி எறிந்தவன் நான் என்று அக்கா சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்க ஒரு நிமிடம் கிடைத்தது. அந்த நிமிடத்தில் நான் என் ஆர்டரைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அக்கா மெஷினில் தைத்துக்கொண்டிருந்தபோது போய்க் கேட்டேன்.

"ஏன்க்கா என் பேர சொல்லல?"

"எடுத்தது நானு, அத சொன்னேன். எறிஞ்சது ஒன் கணக்கு. அத நீ சொல்லிக்க."

அவர் குரலில் கோபம் இல்லை. மிதியை மிதிக்க ஆரம்பித்துவிட்டார்.

நான் போய்ச் சொன்னேன். ஒரு வாரம் கழித்து, பர்மனென்ட் ஆர்டர் என் கைக்கு வந்த பிறகு. மேனேஜர் சிரித்தார். "இப்ப வந்து சொல்றியா? போடா, போய் வேலையப் பாரு" என்றார். "அக்காவோட மெமோவ எடுத்துடுங்க சார்" என்றேன். "ஃபைலுக்குப் போனது போனதுதான்" என்றார்.

பிறகு முப்பது வருடம் ஏசி வேலை பார்த்தேன். புதிதாகச் சேருகிறவர்களிடம் இரண்டு விஷயம் சொல்வேன். கூரை ஏசி ஐஸ் கட்டினால் மீட்டரை எடுப்பதற்கு முன் கிரில்லில் கை வைத்துப் பார். தப்பு உன்னுடையது என்றால், ஆர்டர் கைக்கு வருவதற்கு முன்னால் சொல்.

அந்த வருடம் தையல் பிரிவுக்கு லீடர் போட்டார்கள். ஸ்டெல்லா அக்காவைவிட நன்றாக அந்த வேலை தெரிந்தவர் ஷெட்டிலேயே கிடையாது. ஃபைலில் மெமோ இருந்ததால் வேறொருவரைப் போட்டார்கள்.